ஒரே ஒரு தமிழ்த் தாள்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பெண் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். தில்லி துவாரகாவில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள். அவர்களுடையதும் அதில் ஒன்று. ஏதோ பெரிய பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வாம். விண்ணப்பத்தை ஒருமுறை சரிபார்த்துக் கொடுங்கள் அங்கிள் என்றாள். நான் அரசாங்க உத்தியோகத்தில் இருப்பதால் விண்ணப்பம் பற்றி எல்லாம் தெரிந்தவன் என்று இந்தக் கட்டடத்தில் ஒரு நம்பிக்கை. என் சொந்த விண்ணப்பங்களில் பாதி திரும்பி வந்த கதையை நான் இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

எல்லாம் சரியாகத்தான் நிரப்பியிருந்தாள். தேர்வு எழுதும் மொழி என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. அதை விரலால் தொட்டதும் மொழிகளின் பட்டியல் கீழே இறங்கியது. தமிழ் கடைசிக்குப் பக்கத்தில் இருந்தது. "இதையெல்லாம் யாரு அங்கிள் எடுப்பா?" என்று சிரித்தபடி மேலே போய் ஆங்கிலத்தைத் தொட்டாள். அரை நொடி வேலை.

எங்கள் வீட்டில் ஒருத்தி எடுத்தாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அந்தப் பெண் போன பிறகும் சோபாவில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சமையலறையில் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். குளிர்காலத்தில் ஆரஞ்சுத் தோலின் வாசனை வந்தால் எனக்கு வெயில்தான் ஞாபகம் வரும். கரோல் பாகில் நாங்கள் குடியிருந்த மொட்டைமாடியின் வெயில்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அப்பா ஒரு அமைச்சகத்தில் அப்பர் டிவிஷன் கிளார்க். அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தவர்களின் பட்டியலில் எங்கள் பெயர் எங்கோ அடியில் கிடந்தது. அதுவரைக்கும் கரோல் பாகில் ஒரு பஞ்சாபி வீட்டின் பர்சாத்தியில் இருந்தோம். பர்சாத்தி என்றால் வேறொன்றுமில்லை, மொட்டைமாடியின் மூலையில் ஓர் அறை, ஒட்டினாற்போல ஒரு சமையல் தடுப்பு, மிச்சமெல்லாம் வானம். மே மாதத்தில் உள்ளே இருக்க முடியாது, ஜனவரியில் வெளியே இருந்தால்தான் பிழைக்கலாம். அப்பா, அம்மா, கோமதி அக்கா, நான். அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்குப் பதினொன்று. பள்ளிக்கூடத்தில் அவளை எல்லோரும் கோம்தி, கோம்தி என்று வடநாட்டு நதியின் பெயரால் கூப்பிடுவார்கள். அவளும் திருத்தமாட்டாள்.

அம்மாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறை காட்டுவோம். மாடிப்படி ஏறக்கூடாது என்றார் டாக்டர். நாங்கள் குடியிருந்தது மூன்றாவது மாடிக்கும் மேலே. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் தவிர அம்மா இறங்குவதில்லை. காலையில் அக்காதான் சோறு வடிப்பாள், ரசம் வைப்பாள், எனக்குத் தலைவாரி விடுவாள், பிறகு அவள் பஸ்ஸைத் தவறவிடுவாள். வகுப்பில் முதலாவதாக வருகிறவள் அந்த வருடம் வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கே போகவில்லை.

இதை அம்மா எத்தனை நாள் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாளோ தெரியாது. ஒருநாள் அப்பா ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் சொன்னாள்.

"இவ இங்கன இருந்தா அடுப்படியிலயே கெடப்பா. என்னால எம் புள்ள படிப்பு கெடக்கூடாது. எங்கயாவது அனுப்பிருங்க."

"எங்கட்டி அனுப்ப?"

"உங்க தங்கச்சி வீட்டுக்கு. பாளையங்கோட்டைக்கு."

அப்பா மாடியில் போய் நின்றுகொண்டார். அத்தை நல்லவள்தான். ஆனால் பாளையங்கோட்டை இரண்டு ராத்திரி ரயில் தூரம். மறுவாரம் அவர் வேறொரு வழியோடு வந்தார். தில்லிக்கு வெளியே, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில், அரசாங்கம் நடத்தும் ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு. ஆயிரக்கணக்கில் எழுதுவார்கள், நாற்பது பேரை எடுப்பார்கள். அதில் கிடைத்துவிட்டால் அக்கா பக்கத்திலேயே இருப்பாள், மாதம் ஒருமுறை பார்க்கலாம், விடுமுறைக்கு வீட்டுக்கு வருவாள். கிடைக்காவிட்டால் அத்தை வீடு. இதை எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து அப்பா சொன்னார். அக்கா தலையை ஆட்டினாள். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. எப்படியும் அவள் போய்விடுவாள், சுவரோரம் இருக்கும் அவளுடைய படுக்கை எனக்கு என்று நினைத்தேன். பதினொரு வயதில் அவ்வளவுதான் புத்தி.

விண்ணப்பம் நிரப்புவதில் அப்பாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முதலில் பென்சிலால் எழுதி, இரண்டு நாள் ஆறப்போட்டு, பிறகு பேனாவால் அதன் மேலேயே எழுதி, பென்சில் தடத்தை ரப்பரால் அழிப்பார். அன்று ராகவன் மாமாவும் கூட இருந்தார். அப்பாவோடு வேலை பார்ப்பவர், கும்பகோணம் பக்கம், பக்கத்துத் தெருக்காரர். மொழி என்ற கட்டத்துக்கு வந்ததும் மாமாதான் அந்த யோசனையைச் சொன்னார்.

"இங்கிலீஷ்ல எழுதறவா ஆயிரம் பேர், ஹிந்தியில ஆயிரம் பேர். இந்தத் தில்லியில தமிழ்ல யார் எழுதப்போறா? ஒவ்வொரு பாஷைக்கும் ரெண்டு சீட்டாவது ஒதுக்கியிருப்பா. தமிழ்னு போடுங்கோ. போட்டியே இல்லை."

இதில் ஒரு சின்ன இடைஞ்சல் இருந்தது. அக்காவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வீட்டில் பேசுவோம், அதுவும் ஜல்தி, அச்சா, பையா எல்லாம் கலந்த தமிழ். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது, இருவருக்குமே. மாமாவுக்கு இது பெரிதாகப்படவில்லை. பரீட்சைக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கே என்றார். அப்பா பென்சிலை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா பாளையங்கோட்டையில் பத்தாவது வரை தமிழிலேயே படித்தவள். "நான் சொல்லித் தாரேன்" என்றாள். அப்பா 'தமிழ்' என்று எழுதினார். பென்சிலாலேயே அது அழகாக இருந்தது.

நாலு நாள் கழித்து அக்கா மெதுவாகக் கேட்டாள், நான் இங்கிலீஷ்லயே எழுதட்டாப்பா என்று. அதற்குள் விண்ணப்பம் போய்விட்டிருந்தது. திருத்தக் கேட்டு எழுதலாமே என்றாள். அப்பா இருபது வருடக் கோப்பு அனுபவத்தோடு சிரித்தார். "திருத்தம்னு ஒரு கடிதாசி போட்டா அந்த ஃபைலு எங்கயாவது மாட்டிக்கிடும்ட்டி. பொறவு ஹால் டிக்கெட்டே வராது. போட்டது போட்டதுதான்."

அத்தை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புத் தமிழ்வழிப் புத்தகங்களைத் துணியில் பொதிந்து தைத்துத் தபாலில் அனுப்பினாள். நடுவில் இரண்டு கருப்பட்டி வட்டும் வைத்திருந்தாள், பாசம்தான் வேறென்ன. வழியில் அது இளகி எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ஊறிவிட்டது. பின்னங்கள் பாடத்தின் பக்கங்களைக் கத்தியால் பிரிக்க வேண்டியிருந்தது. நான் விரலை வைத்து நக்கிப் பார்ப்பேன். தமிழ்க் கணக்கு எனக்கு அந்த ருசியில்தான் அறிமுகம்.

குளிர் வந்ததும் பாடம் மாடிக்கு வந்துவிட்டது. வெயிலில் நவார் நாடா பின்னிய கட்டிலைப் போட்டு அம்மா ஒருக்களித்துப் படுத்திருப்பாள். கட்டிலை ஒட்டி எங்கள் இரும்பு டிரங்குப் பெட்டி, அதுதான் மேஜை. அம்மா பக்கமாக அக்கா உட்காருவாள். எனக்கு எதிர்ப்பக்கம். அதனால் தமிழ் எழுத்துகள் அத்தனையையும் நான் தலைகீழாகத்தான் கற்றுக்கொண்டேன். வெகுநாள் வரை நேராகப் பார்த்தால் 'ழ' எனக்கு அந்நியமாகத் தெரியும். நடுவில் ஒரு தட்டில் ஆரஞ்சுச் சுளையும் வேர்க்கடலையும் இருக்கும். அம்மா தோலைக் கிள்ளி எங்கள் கண் பக்கம் பீய்ச்சுவாள்.

எழுத்து ஒரு மாதத்தில் வந்துவிட்டது. கஷ்டம் அதன் பிறகுதான். அக்காவுக்குக் கணக்கு தெரியும், அறிவியல் தெரியும், ஆனால் எல்லாம் ஆங்கிலப் பெயரில். மீப்பெரு பொது வகுத்தி என்று அம்மா வாசித்ததும் நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நெம்புகோல், முடுக்கம், இணைகரம். சரிவகம் என்றால் என்ன என்று அக்கா திணறியபோது அம்மா மாடிக் குழாயடியைக் காட்டினாள். "அந்த வாளியப் பக்கவாட்டுல பாரு. மேல அகலம், அடியில சின்னது. அதான் சரிவகம்." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். மூச்சு வாங்கி முடியும்வரை அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் முதுகில் கையை வைத்திருப்பாள். பிறகு இருவரும் அடுத்த கணக்குக்குப் போவார்கள். அந்த மாடியில் அவர்கள் இருவருக்கும் நடுவே நான் ஒரு பார்வையாளன் மாதிரிதான். அம்மா அவ்வளவு பேசி, அவ்வளவு சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு. அது அப்பாவின் இலாகா. கேள்வித்தாளைத் தன் கையாலேயே எழுதுவார், தலைப்பில் 'இத்தாளில் பத்துப் பக்கங்கள் உள்ளன' என்று கோடு போட்டு. அறை வாசலில் நின்று ஹால் டிக்கெட் கேட்பார். வருகைப் பதிவில் கையெழுத்து வாங்குவார். அவருக்கு ஒரே ஒரு பயம்தான். தில்லி மையத்தில் தமிழ்த் தாள் ஒன்றே ஒன்று வரும், கண்காணிப்பாளர் அதைக் கவனிக்காமல் கைக்கு வந்ததைக் கொடுத்துவிடுவார் என்ற பயம். அதற்கும் ஒத்திகை வைத்திருந்தார். வேண்டுமென்றே ஆங்கிலச் செய்தித்தாளின் ஒரு பக்கத்தை அக்காவிடம் நீட்டுவார். அவள் எழுந்து நின்று, "சார், மேரா பேப்பர் தமில் மே ஹை" என்று, என் தாள் தமிழில் என்பதை இந்தியில் சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"யாரு என்ன சொன்னாலும் வாங்கப்பிடாது. விண்ணப்பத்துல ஒரு பாஷ, எழுதுனது ஒரு பாஷன்னா செல்லாது. ரிஜெக்ட் பண்ணிருவான். வெளங்குதா?"

"வெளங்குதுப்பா."

ஒவ்வொரு ஞாயிறும் இது நடக்கும். எனக்கு அது ஒரு நாடகம். நான்தான் சில நாள் கண்காணிப்பாளர். அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடுமையான குரலில், இதையே எழுது பெண்ணே என்று இந்தியில் மிரட்டுவேன். அவள் ஒரு முறைகூட மசிந்ததில்லை. அப்பா கைதட்டுவார்.

பிப்ரவரியில் தேர்வு. மையம் ஒரு அரசுப் பள்ளி. அப்பா, நான், அக்கா மூவரும் போனோம். அப்பா பிளாஸ்க்கும் ஆரஞ்சும் வைத்த பையோடு கேட்டுக்கு வெளியே நின்றார். பக்கத்தில் திண்டு இருந்தது, உட்காரவில்லை. இரண்டு மணி நேரத் தேர்வு. அக்கா வெளியே வந்ததும் அவர் முதலில் கேட்டது இதைத்தான்.

"தமிழ்த் தாள்தான குடுத்தாவ?"

"ஆமாப்பா."

"பாத்தியா, நான் சொன்னம்லா. எப்படி எழுதுன?"

"கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சை உரித்து முழுவதையும் எனக்குக் கொடுத்துவிட்டாள். நான் தின்றுகொண்டே வந்தேன்.

உள்ளே நடந்தது என்ன என்பதை அக்கா என்னிடம் சொன்னது இருபது வருடத்துக்கு மேல் கழித்து, அப்பா இறந்த மறுவாரம். ஆனால் உங்களை அதுவரை காக்கவைக்க வேண்டாம். தாள் கொடுக்கும்போது தமிழ்க் கட்டு வந்து சேரவில்லை. கண்காணிப்பாளர் ஆங்கிலத் தாளை நீட்டியிருக்கிறார். அக்கா எழுந்து நின்று ஞாயிற்றுக்கிழமை வசனத்தைச் சொல்லியிருக்கிறாள். அந்த மனிதர் நல்லவர். கோபிக்கவில்லை. மகளே, இதையே எழுது, ஒன்றும் ஆகாது, மொழி மாறியதை நான் குறிப்பாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார். தமிழ்த் தாளைத் தேட ஆளனுப்பிவிட்டு, யோசித்துச் சொல் என்று ஆங்கிலத் தாளை அவள் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அக்கா முதல் பக்கத்தைப் படித்தாள். இரண்டாவதையும் படித்தாள்.

"எல்லாமே தெரிஞ்சிதுல. ஒரு கேள்வி பாக்கியில்லாம எல்லாம் தெரிஞ்சிது."

"பொறவு?"

"செல்லாதுன்னு அப்பா சொல்லிருக்காவல்லா. திருப்பிக் குடுத்துட்டேன்."

நாற்பது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். சுற்றிலும் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். தமிழ்த் தாள் வந்தபோது நேரம் நீட்டித் தரவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் எழுத்துக் கூட்டி வாசித்து, உள்ளே ஆங்கிலமாக்கி, விடை கண்டு, மணி அடித்தபோது கடைசி மூன்று பக்கம் வெள்ளையாக இருந்தது.

ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா மனு எழுதுவாவ. அவுக சும்மா இருப்பாவளா? விசாரிப்பாங்க. அந்த சார் இங்கிலீஷ் தாளு குடுத்ததும் நான் வேண்டாம்னதும் வெளிய வரும். யாரு சொல்லி வேண்டாம்னு சொன்னான்னு கேப்பாங்க. அப்பா கேட்டு வாசல்ல நின்னாவல்லா பைய வச்சுக்கிட்டு, அந்த மொகத்தப் பாத்துட்டுச் சொல்ல முடியல." பதின்மூன்று வயதில் இத்தனையும் யோசித்துவிட்டுத்தான் எனக்கு அவள் அந்த ஆரஞ்சை உரித்திருக்கிறாள்.

மே மாதம் தபாலில் முடிவு வந்தது. பெயர் இல்லை. மொழிவாரி ஒதுக்கீடு என்று எதுவும் கிடையாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ராகவன் மாமா வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், காபியைக்கூடத் தொடவில்லை. அப்பா அவரைத்தான் தேற்றினார்.  மறுநாள் அம்மா, அக்காவின் துணிகளைக் கட்டிலில் பரப்பச் சொல்லி, படுத்தபடியே ஒவ்வொன்றாக மடித்துக் கொடுத்தாள். ஜூனில் அப்பா அவளை ரயிலில் கூட்டிப்போனார். அம்மாவால் இறங்க முடியாது. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்டோ திரும்பும்போது அக்கா தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தாள். அம்மா கையை அசைக்கவில்லை, இரண்டு கையும் சுவரில் இருந்தன.

டிரங்குப் பெட்டியின் அந்தப் பக்கம் எனக்குக் கிடைத்தது. எழுத்துகள் நேராகத் தெரிந்தன. அக்காவிடமிருந்து வாரம் ஒரு நீல இன்லண்ட் கடிதம் வரும். அம்மாவுக்குக் கையைத் தூக்கிப் பிடித்துப் படிக்கச் சிரமம், நான்தான் வாசித்துக் காட்டுவேன். முதல் கடிதங்களில் வரிக்கு நாலு பிழை. ஆறு மாதத்தில் ஒன்றுகூட இல்லை. "எம் புள்ள தமிழப் பாரு" என்று அம்மா கடிதத்தை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்வாள். முதல் வருட விடுமுறைக்கு அக்கா வந்தபோது பதினைந்து நாள் இருந்தாள். அந்தப் பதினைந்து நாள்தான். இரண்டாம் வருடம் அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, வரவேண்டாம் என்று அம்மாவே எழுதச் சொன்னாள். எழுதியது நான்தான், என் கையெழுத்தில்.

அந்தப் பரீட்சை முடிந்த வாரத்தில் அம்மா போய்விட்டாள். தந்தி கொடுத்தோம், எஸ்.டி.டி. பூத்திலிருந்து அத்தையின் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தோம். அவர்கள் வந்து சேர மூன்றாம் நாள் ஆகிவிட்டது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அக்கா படியேறி வந்து, மாடியில் வெயிலில் கிடந்த வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

பிறகு அவள் பாளையங்கோட்டையிலேயே படித்து, அங்கேயே பள்ளிக்கூட ஆசிரியையாகி, அங்கேயே கல்யாணமும் ஆனது. கணக்கு டீச்சர், தமிழ்வழியில். அப்பாவுக்கு இதில் பெருமை தாங்காது. யார் வந்தாலும் சொல்வார். நுழைவுத் தேர்வு என்று யார் பேச்செடுத்தாலும் சொல்வார். தில்லியிலேயே அந்தப் பரீட்சையைத் தமிழில் எழுதியது எம் மக ஒருத்திதான் என்று. அதிலிருந்துதான் அவளுக்கு வாழ்க்கை அமைந்தது என்று அவர் முழுமனதாக நம்பினார். நானும் அந்தக் கதையைப் பலமுறை மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், சிரித்துக்கொண்டே.

கடைசியில் அவர் இந்தத் துவாரகா வீட்டில்தான் படுத்திருந்தார். அக்கா லீவு போட்டுவிட்டு வந்து ஒரு மாதம் கூடவே இருந்தாள். ஊசி போட வந்த நர்ஸிடம் ஒருநாள் அவர் திக்கித் திக்கி இந்தியில் அதையே சொன்னார். இவள் என் மகள், தில்லி முழுவதிலும் இவள் ஒருத்திதான் தமிழ்த் தாள் எழுதியவள் என்று. நர்ஸுக்கு என்ன புரிந்ததோ, அச்சா அங்கிள் என்றாள். அவர் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"அப்படித்தானட்டி?"

அக்கா கஞ்சி டம்ளரோடு நின்றிருந்தாள். "ஆமாப்பா, நான் ஒருத்திதான்" என்று சொல்லி, துண்டால் அவர் வாயைத் துடைத்தாள்.

கரோல் பாக் வீட்டை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே கண்ணாடி வைத்த கடைக் கட்டடம், பக்கத்திலேயே மெட்ரோ. ராகவன் மாமா ஓய்வுபெற்று ஊர்ப்பக்கம் போனவர், பிறகு தகவல் இல்லை. தந்தியும் நீலக் கடிதமும் நின்றுவிட்டன. பென்சிலால் எழுதி ஆறப்போடுகிற விண்ணப்பத்தை எங்கே பார்க்கிறோம். அம்மா இல்லை, அப்பா இல்லை. எங்கள் வீட்டில் தலைகீழாகப் படித்தவனும் பிழையில்லாமல் எழுதுகிறவளும் மட்டும் மிச்சம். என் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டுரையைப் படிக்கத் தெரியாது.

அக்காவிடம் போனில் ஒருமுறை கேட்டேன், அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்ததை நினைத்தால் அப்பா மேல் கோபம் வரவில்லையா என்று.

"அப்பா மேலயா? அவுக நல்லதுக்குத்தான சொன்னாவ. சீட்டு போனதுகூட எனக்கு ஒண்ணுமில்லல. டீச்சராத்தான் ஆயிட்டேனே" என்றாள்.  இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"அம்மா கூட இருந்திருக்கலாம், ரெண்டு வருசம்ல" என்றாள்.